மொன்டானாவா, யங்கா: வால்ஷ் செய்தது நியாயமா?

ஏழாம்வரிசை

அமெரிக்கக் கால்பந்தில் ஒரே இடத்துக்கு இரண்டு குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) என்று பேச்சு வந்தாலே எல்லாரும் நியூ இங்கிலாந்து அணியின் பிளெட்சோ, பிராடி கதைக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது போட்டியே இல்லை. ஒருவர் அடிபட்டார், இன்னொருவர் உள்ளே வந்தார், போனவருக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை. போட்டி என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணியில் நடந்ததுதான் போட்டி. ஜோ மொன்டானா, ஸ்டீவ் யங். 1987 ஏப்ரலிலிருந்து 1993 ஏப்ரல் வரை முழுசாக ஆறு வருடம். பின்னாளில் இருவருமே ஹால் ஆஃப் ஃபேமில்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. மொன்டானா 1979 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு) மூன்றாவது சுற்றில், 82-வது ஆளாக எடுக்கப்பட்டவர். 1987 வருவதற்குள் இரண்டு சூப்பர் பவுல் (சீசனின் இறுதி ஆட்டம்) ஜெயித்துக் கொடுத்துவிட்டார், இரண்டிலும் ஆட்ட நாயகன். அந்த மனிதர் அணியில் இருக்கும்போதே பயிற்சியாளர் பில் வால்ஷ் டாம்பா பே அணிக்குப் போய், இரண்டாவது சுற்றுத் தேர்வு ஒன்று, நான்காவது சுற்றுத் தேர்வு ஒன்று, கூடவே 10 லட்சம் டாலர் கொடுத்து யங்கை வாங்கி வந்தார். டாம்பாவில் யங் ஆரம்பித்த 19 ஆட்டங்களில் 3 மட்டுமே வெற்றி. அந்த வருடம் டிராஃப்டின் முதல் ஆளாக வின்னி டெஸ்டவெர்டியை எடுக்க முடிவு செய்துவிட்டதால், யங்கை அனுப்பிவிட்டால் போதும் என்று அவர்கள் இருந்தார்கள்.

என் கருத்து, வால்ஷ் செய்தது அநியாயம். வீட்டுக்குச் சோறு போட்டவனை எழுப்பிவிட்டு அந்த இலையில் வேறொருவனை உட்காரவைக்கப் பார்த்தார். மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மெல்லினம்

எனக்கு அமெரிக்கக் கால்பந்து அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் மன்னிக்கவும். இரண்டு பேருமே அவ்வளவு நன்றாக ஆடுபவர்கள் என்றால் மாற்றி மாற்றி இறக்கக் கூடாதா? பாதி ஆட்டம் இவர், பாதி ஆட்டம் அவர் என்று?

கோவைக்காரன்

மெல்லினம், ஒரே அணியில் இரண்டு விக்கெட் கீப்பர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேட்ஸ்மேன் என்றால் ஆறாவது இடம், ஏழாவது இடம் என்று எங்காவது நுழைந்துகொள்ளலாம். கையுறை ஒரு ஜோடிதான். தினேஷ் கார்த்திக் 2004-ல் தோனிக்கு முன்பே இந்திய அணிக்குள் வந்தவர். அதற்கப்புறம் என்ன ஆனது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பழைய கேண்டில்ஸ்டிக்

கோவைக்காரன் சொன்னது சரி, ஆனால் குவாட்டர்பேக் வேலையில் சிக்கல் இன்னும் அதிகம். ஒவ்வொரு ஆட்டத்துண்டும் அவர் கையில் பந்து வருவதில்தான் தொடங்குகிறது. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, திட்டத்தை அங்கேயே மாற்றி, மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்யவேண்டும். பந்தைப் பிடிக்க ஓடுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து அவர் கையிலிருந்து கிளம்பியிருக்கும். வால்ஷின் ஆட்டமுறையே அந்த நேரக்கணக்கில் நின்றதுதான். அந்த ஒத்திசைவு பயிற்சியில்தான் வரும், பயிற்சி நேரமோ கொஞ்சம். அதில் பெரும்பகுதி முதல் ஆளுக்குப் போய்விடும். இரண்டாமவர் ஓரத்தில் நின்று மனசுக்குள் ஆடிக்கொண்டிருக்கவேண்டியதுதான். பாதிப் பாதி என்று பிரித்தால் இருவருமே அரைவேக்காடாக ஆவார்கள்.

இப்போது ஏழாம்வரிசைக்கு. தம்பி, நான் 1986-ல் வேலைக்காக சன்னிவேல் வந்தேன். வந்த புதிதில் இந்த ஆட்டம் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனால் அந்த செப்டம்பரில் மொன்டானாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததும், அலுவலகத்தில் அத்தனை பேரும் துக்கவீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்ததும் நன்றாக நினைவிருக்கிறது. இனி ஆடவே முடியாது என்று பேசினார்கள். மனிதர் நவம்பரிலேயே திரும்பி வந்துவிட்டார். அப்புறம் 1987 ஜனவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸோடு பிளே ஆஃப். 49-க்கு 3 என்று தோல்வி. அந்த ஆட்டத்தில் ஜிம் பர்ட் இடித்ததில் மொன்டானா நினைவு தப்பி வெளியே போனார்.

வால்ஷ் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 30 வயது, முதுகில் கத்தி வைத்தாயிற்று, தலையில் அடி. அடுத்த வருடம் அவர் எழுந்து வருவார் என்று எந்த நம்பிக்கையில் உட்கார்ந்திருப்பது? ஒரு ஆட்டக்காரரை ஒரு வருடம் தாமதமாக அனுப்புவதைவிட ஒரு வருடம் முன்னதாக அனுப்புவது மேல் என்பது வால்ஷின் பிரபலமான கொள்கை. மொன்டானாவுக்கு மட்டும் அதைத் தளர்த்துவார் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

ஏழாம்வரிசை

கேண்டில்ஸ்டிக் ஐயா, யங்கை வாங்கியதைக்கூட விட்டுவிடுகிறேன். பாதுகாப்புக்கு ஒரு ஆள் வேண்டும், சரி. ஆனால் 1988 ஜனவரி 9?

அந்த சீசனில் மொன்டானா 31 டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் சேர்ப்பது) எறிந்து லீக்கிலேயே முதலிடம். அணி 13 வெற்றி, 2 தோல்வி. பிளே ஆஃபில் எதிரே வந்தது 8 வெற்றி, 7 தோல்வி என்று தட்டுத்தடுமாறி நுழைந்த மினசோட்டா வைக்கிங்ஸ். சொந்த மைதானம் வேறு. இடைவேளையில் 20-3 என்று பின்தங்கிவிட்டார்கள். மூன்றாவது கால்பகுதியில் வால்ஷ் மொன்டானாவை உட்காரவைத்துவிட்டு யங்கை இறக்கினார். அதுவும் பிளே ஆஃபில், கூட்டத்தின் கண் முன்னால். கடைசியில் 36-24 என்று தோற்றார்கள். அன்று ஆன்டனி கார்ட்டர் பிடித்த பந்துகளே 227 யார்டு. அதைத் தடுக்கத் தெரியாத தற்காப்பு வரிசையை விட்டுவிட்டு மொன்டானா தலையை உருட்டினார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய கேண்டில்ஸ்டிக்

மொன்டானா அன்று 26 எறிந்து 12 சேர்த்தார், 109 யார்டு. ஒரு எறி எதிராளி கையில் போய் அவன் அதை டச் டவுனாக ஓடிவிட்டான். யங் வந்ததும் 72 யார்டு காலால் ஓடினார், ஆட்டத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. இதுதான் நடந்தது. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அன்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

இடதுகை

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். யங் இடதுகைக்காரர். அதனால் என்ன என்று கேட்கலாம். வலதுகைக்காரர் எறிய நிற்கும்போது உடல் வலப்பக்கம் திரும்பி, முதுகு இடப்பக்கம் இருக்கும். பின்னாலிருந்து வருகிறவனை அவரால் பார்க்கமுடியாது. அதனால் தடுப்பு வரிசையின் இடது முனையில் நிற்கும் டாக்கிள்தான் அவர் உயிரைக் காப்பவர். இடதுகைக்காரர் வந்தால் எல்லாம் தலைகீழ். வலது முனை ஆள் திடீரென்று காவல் தெய்வமாகிவிடுவார். எறியும் பந்தின் சுழற்சியும் எதிர்த்திசையில் வரும், பந்தைப் பிடிக்க ஓடும் ஜெரி ரைஸ் மாதிரி ஆட்களுக்கே கை பழகவேண்டும். வாரம் ஒருவர் என்று மாற்றினால் பாதி அணி சேர்ந்து மாறவேண்டும் என்பது இதனால்தான். மெல்லினத்தின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

(நானும் இடதுகைதான். பந்தியில் பக்கத்து ஆளோடு முழங்கை மோதும் இனம்.)

மெல்லினம்

விளக்கத்துக்கு எல்லாருக்கும் நன்றி. அந்த ஜனவரிக்கு அப்புறம் என்ன ஆனது? மொன்டானா கோபித்துக்கொண்டு போய்விட்டாரா?

ஏழாம்வரிசை

போகவில்லை. 1988-தான் உண்மையிலேயே குழப்பமான வருடம். இரண்டாவது வாரமே ஜயண்ட்ஸுக்கு எதிராக யங் தொடங்கினார், இடைவேளைக்குப் பிறகு மொன்டானா வந்தார், 42 விநாடி இருக்கும்போது ரைஸுக்கு 78 யார்டு டச் டவுன் எறிந்து ஜெயித்தார். அக்டோபர் 30-ல் வைக்கிங்ஸுக்கு எதிராக யங் முறை. 49 யார்டு ஓடினார் பாருங்கள், ஒருத்தன் பிடிக்கிறான், உதறுகிறார், இன்னொருத்தன் பிடிக்கிறான், உதறுகிறார், கடைசி சில அடிகளில் கால் பின்னித் தடுமாறி எல்லைக்கோட்டுக்குள் விழுகிறார். 24-21 வெற்றி. அந்தக் காட்சியை இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம்.

அடுத்த வாரமே, யங் ஆடிய ஆட்டத்தில், 23-0 என்று முன்னிலையில் இருந்து ஃபீனிக்ஸிடம் 24-23 என்று தோற்றார்கள். அதற்கடுத்த வாரம் மொன்டானா திரும்பியும் ரெய்டர்ஸிடம் 9-3 தோல்வி. 6 வெற்றி, 5 தோல்வி. ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது என்பார்கள்.

பழைய கேண்டில்ஸ்டிக்

"என்பார்கள்" எல்லாம் வேண்டாம், நான் பார்த்தேன். எங்கள் அலுவலகத்து கேன்டீனில் மொன்டானா மேசை, யங் மேசை என்று தனித்தனியாக உட்கார்ந்தார்கள். என் மேலாளர் யங் கட்சி. நான் மொன்டானா கட்சி. அந்த வருடச் சம்பள உயர்வு பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அப்புறம் நடந்தது உலகறிந்த கதை. வால்ஷ் மொன்டானாவையே வைத்துக்கொண்டார். கடைசி ஐந்தில் நான்கு வெற்றி, பிளே ஆஃபில் அதே வைக்கிங்ஸை 34-9 என்று உதைத்தார்கள், சூப்பர் பவுலில் சின்சினாட்டிக்கு எதிராகச் சொந்த 8 யார்டு கோட்டில் பந்து, மூன்று நிமிடம்தான் பாக்கி, 16-13 என்று பின்னால் இருக்கிறார்கள். 92 யார்டு. 34 விநாடி இருக்கும்போது ஜான் டெய்லருக்கு டச் டவுன். அந்தக் கடைசி ஓட்டம் தொடங்குவதற்கு முன் மொன்டானா கூட்டத்தைக் காட்டி, அதோ நடிகர் ஜான் கேண்டி உட்கார்ந்திருக்கிறார் பார் என்று தடுப்பு வரிசைக்காரர் ஹாரிஸ் பார்ட்டனிடம் சொன்னாராம். அப்படி ஒரு நிதானம். அதோடு வால்ஷ் ஓய்வு பெற்றார், ஜார்ஜ் சீஃபர்ட் வந்தார். 1989-ல் மொன்டானாவின் பாஸர் ரேட்டிங் (எறிகிறவரின் திறனை அளக்கும் எண்) 112.4, அதுவரை யாரும் தொடாத எண். சூப்பர் பவுலில் டென்வரை 55-10 என்று நசுக்கினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், யங் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்காவிட்டால் அந்த 1989 வந்திருக்காது.

மறுப்பவன்

இங்கேதான் நான் முரண்படுகிறேன். "போட்டி வைத்தால் ஆள் மேலே வருவான்" என்பது போட்டி வைக்கிறவர்கள் கண்டுபிடித்த பேச்சு. மேலே வந்தவனைக் காட்டி நிரூபிப்பார்கள், உடைந்துபோனவனைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரே தலைமைப் பதவிக்கு என்னையும் இன்னொரு நண்பரையும் 14 மாதம் ஓடவிட்டார்கள். இருவருக்கும் தனித்தனியாக "உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முடிவில் மூன்றாவதாக வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அந்த 14 மாதத்தில் நான் நன்றாக வேலை செய்தேனா என்றால், செய்தேன். போட்டியால்தான் செய்தேனா? இல்லை, எனக்கு அந்த வேலை தெரியும், அதனால் செய்தேன். போட்டி எனக்குக் கொடுத்தது தூக்கமின்மை மட்டும்தான்.

மொன்டானாவும் அப்படித்தான். 1981-ல், 84-ல் எந்த யங் பின்னால் நின்றார்? அப்போதும் ஜெயிக்கவில்லையா? 1989-ல் ரைஸ் உச்சத்தில் இருந்தார், ரோஜர் கிரெய்க் இருந்தார், டெய்லர் இருந்தார், மைக் ஹோம்கிரென் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தார். இவ்வளவையும் விட்டுவிட்டுப் புகழை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குக் கொடுப்பது வேடிக்கை.

யங்கையும் யோசியுங்கள். 1987 முதல் 90 வரை நான்கு சீசனில் அவர் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் 10. ஒரு ஆட்டக்காரனின் 26 முதல் 29 வயது வரை. அந்த நான்கு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

பழைய கேண்டில்ஸ்டிக்

மறுப்பவன், உங்கள் 14 மாதத்துக்கு என் அனுதாபம். 1989 பற்றி நான் சொன்னதை நிரூபிக்க முடியாது என்பதும் உண்மைதான். கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

ஆனால் அந்த நான்கு வருடம் வீண் என்பதை ஏற்கமாட்டேன். டாம்பாவில் யங் ஓடத்தான் தெரிந்தவர். முதலில் கண்ணில் படும் ஆள் கிடைக்கவில்லையென்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நின்று, இரண்டாவது ஆளைப் பார்த்து, மூன்றாவது ஆளைப் பார்த்து எறியக் கற்றது இங்கேதான், அதில் உலகிலேயே சிறந்தவரைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்துக் கற்றார். மொன்டானா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையே அப்படி ஒன்றும் சுமுகமான உறவு இல்லை. பார்த்தார், கற்றார், அவ்வளவுதான்.

ஏழாம்வரிசை

ஏகலைவன் கணக்கு. கட்டைவிரலை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இடதுகை

கேட்டிருந்தாலும் வலது கட்டைவிரலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஆடியிருப்பார்.

மெல்லினம்

:) சரி, கடைசியில் யார் ஜெயித்தது? வால்ஷ் போய்விட்டார், மொன்டானா உச்சத்தில் இருக்கிறார். அப்புறம் யங் எப்படி உள்ளே வந்தார்?

பழைய கேண்டில்ஸ்டிக்

ஆட்டத்தால் வரவில்லை. அதுதான் இந்தக் கதையில் என்னை இன்னும் உறுத்துவது. இத்தனை வருடம் யார் மேல், யார் மேல் என்று மேசை பிரித்துச் சண்டை போட்டோம். தீர்ப்பைச் சொன்னது மொன்டானாவின் முழங்கை.

1991 ஜனவரி 20, ஜயண்ட்ஸோடு அரையிறுதி மாதிரியான ஆட்டம், ஜெயித்தால் மூன்றாவது தொடர் சூப்பர் பவுலுக்குப் போகலாம். நைனர்ஸ் 13-9 என்று முன்னால் இருக்கிறார்கள். ஜயண்ட்ஸின் லெனர்ட் மார்ஷல் பின்னாலிருந்து ஓடி வந்து மொன்டானாவை இடித்தார். நெஞ்செலும்பில் அடி, விரல் முறிவு. யங் உள்ளே வந்தார். 13-12 என்று சுருங்கிய முன்னிலையைக் காப்பாற்றினால் போதும் என்ற நேரத்தில் கிரெய்க் பந்தை நழுவவிட்டார். கடைசி நொடியில் ஜயண்ட்ஸின் மேட் பாரின் 42 யார்டு உதை, 15-13, முடிந்தது. அதற்கப்புறம் முழங்கை அறுவை சிகிச்சை. 1991 சீசன் முழுவதும் மொன்டானா ஆடவில்லை. 1992-லும் கடைசி ஆட்டம் வரை ஆடவில்லை.

அந்த இடைவெளியில் யங் 1991-ல் லீக்கின் முதல் ரேட்டிங், 101.8. 1992-ல் 107.0, சீசனின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது, அணி 14 வெற்றி, 2 தோல்வி.

அந்த 1992 கடைசி ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 28, திங்கள் இரவு, டெட்ராய்ட் லயன்ஸ். நான்கு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த நால்வரில் ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா. இரண்டாம் பாதியில் மொன்டானா நடந்து உள்ளே வந்தார், மைதானம் எழுந்து நின்றது. 21 எறிந்து 15 சேர்த்தார், இரண்டு டச் டவுன். அப்பாவுக்கு ஆட்டம் எதுவும் புரியாது. "யாருடா இது, இவனுக்குப் போய் எல்லாரும் கண் கலங்குறீங்க?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கியதும் விளம்பரம் வந்துவிட்டது.

மறுப்பவன்

நீங்கள் இப்போது சொன்னதுதான் என் வாதமும். போட்டி, போட்டி என்கிறோம், தீர்ந்தது காயத்தால்தான். பிளெட்சோவுக்கும் 2001 செப்டம்பரில் மோ லூயிஸ் இடித்துத்தான் இடம் போனது. ஆறு மாதம் முன்புதான் 10 வருடம், 10 கோடியே 30 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அப்படியானால் ஏழாம்வரிசை முதல் பதிவில் பிரித்த பிரிவே நிற்காது.

ஏழாம்வரிசை

ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் அடிவாங்கிவிட்டது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மொன்டானா உடம்பு தேறி நின்றபோது அவரை என்ன செய்வது என்று கையில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யவேண்டி வந்தது. 1993 வசந்தத்தில் மொன்டானா மாற்றலாகிப் போகக் கேட்டபோது, நைனர்ஸ் திடீரென்று நீங்கள்தான் முதல் ஆள் என்று அறிவித்தது. போன சீசனின் சிறந்த ஆட்டக்காரரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு! மொன்டானா அதை ஏற்கவில்லை. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. அவருடைய 16-ம் எண் அங்கே பழைய ஆட்டக்காரர் லென் டாசனுக்காக ஓய்வு கொடுக்கப்பட்டது என்பதால் 19 போட்டுக்கொண்டு ஆடினார். அந்தச் சட்டையில் அவரைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஏதோ வேடம் போட்ட மாதிரி இருக்கிறது.

சம்பளக்கணக்கு

தாமதமாக வருகிறேன். இந்தக் கதை இனி எந்த அணியிலும் நடக்காது, அதையும் பதிவு செய்துவிடலாம். 1993-க்கு முன்னால் ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்தாலும் சுலபமாக வேறு அணிக்குப் போகமுடியாது. 1994-ல் சம்பள உச்சவரம்பு வந்தது. முன்பு முதலாளி எடி டிபார்ட்டலோ மாதிரி கை தாராளமாக இருந்தால் இரண்டு நட்சத்திரங்களையும் வாங்கிப் பூட்டி வைக்கலாம். இப்போது இரண்டாவது குவாட்டர்பேக்குக்கும் முதல் ஆள் சம்பளம் கொடுத்தால் தடுப்பு வரிசைக்குக் காசு இருக்காது. யங் மாதிரி ஒருவர் நான்கு வருடம் காத்திருக்கவும் மாட்டார், காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

கோவைக்காரன்

ஒரு சின்ன தகவல். மொன்டானா 1993-ல் கான்சாஸ் சிட்டிக்கு. ஸ்டீவ் போனோ 1994-ல் கான்சாஸ் சிட்டிக்கு. எல்விஸ் கெர்பாக் 1997-ல் கான்சாஸ் சிட்டிக்கு. 2012-ல் தலையில் அடிபட்டு காலின் கேப்பர்னிக்கிடம் இடத்தை இழந்த அலெக்ஸ் ஸ்மித், 2013-ல் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? மாமியார் வீட்டோடு சண்டை என்றால் அம்மா வீட்டுக்குப் போவதுபோல நைனர்ஸ் குவாட்டர்பேக்குகளுக்குக் கான்சாஸ் சிட்டி.

மெல்லினம்

இருவரும் எதிரெதிரே ஆடினார்களா?

இடதுகை

ஒரே ஒரு முறை. 1994 செப்டம்பர் 11, கான்சாஸ் சிட்டியில். சீஃப்ஸ் 24, நைனர்ஸ் 17. சீஃப்ஸின் டெரிக் தாமஸ் அன்று யங்கை விரட்டி விரட்டிப் பிடித்தார். மூன்று வாரம் கழித்து ஃபிலடெல்ஃபியாவிடம் 40-8 என்று அடிவாங்கிக்கொண்டிருக்கும்போது சீஃபர்ட் யங்கை ஆட்டத்தின் நடுவே வெளியே எடுத்தார், யங் அவரைப் பார்த்துக் கத்திய கத்து தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தது. ஆறு வருடத்துக் கோபம் அது, ஒரு ஆட்டத்துக் கோபமில்லை.

அந்த சீசன் முடிந்தபோது அவருடைய ரேட்டிங் 112.8. மொன்டானாவின் 1989 எண்ணைவிட 0.4 கூட. சூப்பர் பவுலில் சான் டியேகோவுக்கு எதிராக ஆறு டச் டவுன் எறிந்தார். அதுவரை இருந்த சாதனை ஐந்து, யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில், என் முதுகிலிருந்து இந்தக் குரங்கை யாராவது எடுங்களேன் என்று யங் கேட்க, சக ஆட்டக்காரர் கேரி பிளம்மர் பின்னால் நின்று எதையோ பிய்த்து எறிவதுபோல நடித்தார்.

மெல்லினம்

குரங்கா?

ஏழாம்வரிசை

இறங்காத சுமைக்கு அவர்கள் ஊரில் குரங்கு. நம் கணக்கில் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியது.

மறுப்பவன்

வேதாளம் என்றால் ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்டுவிட்டு முருங்கை மரத்துக்குத் திரும்பிப் போய்விடுமே.

பழைய கேண்டில்ஸ்டிக்

போனது. 1995 சீசனில் நைனர்ஸ் பிளே ஆஃபின் முதல் ஆட்டத்திலேயே கிரீன் பேயிடம் தோற்றது. எதிரணிப் பயிற்சியாளர் ஹோம்கிரென். மறுநாள் கேன்டீனில் என் மேலாளர் எதிரில் வந்து உட்கார்ந்து, "ஜோ இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்தார்.